எட்டு மணி நேரம் வைத்தும் பொங்காத மாவு

இட்லிக்கு மாவு அரைத்து வைப்பவர்களுக்குத் தெரியும்: மாவு பாத்திரத்தில் எத்தனை மணி நேரம் இருந்தது என்பது வேறு, அது புளித்துப் பொங்கியதா என்பது வேறு. சென்னையில் மே மாதம் ஆறு மணி நேரத்திலேயே மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும் மாவு, ஊட்டியில் டிசம்பர் இரவு முழுக்க வைத்தாலும் அரைத்து வைத்தபடியே கிடக்கும். நாட்பட்ட சோர்வு நோய்க்குறி உள்ளவர்களின் தூக்கமும் அப்படித்தான். எட்டு மணி, பத்து மணி நேரம் தூங்குகிறார்கள். விடிந்ததும் காய்ச்சல் கண்டவர்போல உடம்பெல்லாம் வலித்து, கை கால் விறைத்து, தலைக்குள் மூட்டத்தோடு எழுகிறார்கள். “தூங்கின மாதிரியே இல்லை” என்கிறார்கள். வீட்டில் யாரும் நம்புவதில்லை.

மருத்துவர்கள் எம்.இ./சி.எஃப்.எஸ். என்று எழுதும் நோய் இது. அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் 2015-ல் வகுத்த வரையறையில் மூன்று அறிகுறிகள் கட்டாயம்: ஆறு மாதங்களுக்கு மேல் அன்றாட வாழ்க்கையை முடக்கும் சோர்வு, சிறிது உழைத்தாலும் பின்னர் உடல் சரிந்துபோவது, புத்துணர்வு தராத தூக்கம். ஆகவே தூக்கக் குறை இங்கே ஒட்டிக்கொண்டு வந்த உபரித் தொல்லை இல்லை. நோயை அடையாளம் காட்டுவதே அதுவும் சேர்ந்துதான்.

மாவின் கதையை அரிசி, உளுந்து ஊறுவதிலிருந்து தொடங்குவோம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளை ஆற்றலைச் செலவிடுகிறது; செலவிடச் செலவிட அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அதுதான் இங்கே ஊறல்; அது ஏற ஏறத் தூக்கம் அழுத்தும். காபி குடித்தால் தூக்கம் கலைவது, காஃபின் இந்த அடினோசினின் வேலையைத் தடுப்பதால்தான். இன்னொரு பக்கம், மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் உடல் கடிகாரம் இருட்டியதும் மெலடோனின் சுரக்கச் சொல்கிறது. ஊறலும் வேளையும் ஒத்துவரும்போது தூக்கம் வருகிறது என்ற இந்த இரட்டைக் கணக்கை 1982-ல் முன்வைத்தவர் ஸூரிக்கைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பேலி.

இந்த நோயாளிகளில் பலருக்கு முதல் படியிலேயே சிக்கல். உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும், கண் மூடாது. களைப்பு மிகுதியாக இருந்தாலே தூக்கம் வந்துவிடும் என்று நினைக்கிறோம், இரண்டும் தனித்தனி. சிலருக்கு வேளையும் தப்பிப்போய், விடியற்காலையில்தான் தூக்கம் பிடிக்கிறது. சிலர் அளவுக்கு மீறித் தூங்குகிறார்கள்.

அடுத்தது புளிப்பது. இதில்தான் காரியமே இருக்கிறது. மாவில் நுண்ணுயிரிகள் வேலை செய்ய வெம்மை வேண்டும், அடிக்கடி மூடியைத் திறந்து கிளறாமல் விட வேண்டும். நம் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் அதிகம். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது அப்போதுதான். இதயத் துடிப்பு தணிகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. எலிகளை வைத்து 2013-ல் வெளியான ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு, தூங்கும்போது மூளையின் கழிவுகள் வேகமாகக் கழுவி வெளியேற்றப்படுவதைக் காட்டியது.

இவை ஒழுங்காக நடக்க, தன்னியக்க நரம்பு மண்டலம் பகலின் பரபரப்பை விட்டு ஓய்வின் பக்கம் சாய வேண்டும். அந்தச் சாய்வைத்தான் மாவுக்கு வேண்டிய வெம்மை என்கிறேன். (உடலின் உள்வெப்பம் இரவில் சற்றுக் குறையத்தான் செய்யும், அந்த ஒரு விஷயத்தில் உவமை பொருந்தாது.) நாட்பட்ட சோர்வு நோயாளிகளைப் பரிசோதித்த சில ஆய்வுகளில், தூங்கும்போதும் அவர்களுடைய இதயம் வேகமாகத் துடித்தது, துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே இருக்க வேண்டிய இயல்பான ஏற்ற இறக்கமும் குறைந்திருந்தது. கண் மூடியிருக்கிறது, உடலோ காவல் நிற்கிறது. இரவு முழுக்க யாரோ மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் மாவு எப்படிப் பொங்கும்?

“அப்படியானால் தூக்கப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடுமே” என்று கேட்கலாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் ஒரே கருவில் உருவான இரட்டையர்களை அழைத்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு இந்த நோய் இருந்தது, மற்றவருக்கு இல்லை. ஒரே மாவை இரண்டு பாத்திரத்தில் ஊற்றி வைத்ததற்குச் சமம். இரவு முழுக்க மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். நோயுற்றவர்கள் தங்கள் தூக்கம் மோசம் என்று அதிகம் சொன்னார்கள். கருவியின் கணக்கோ இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 2003-ல் வெளியான ஆய்வு இது. இதைப் படித்துவிட்டு “எல்லாம் மனப்பிரமை” என்று முடிவு கட்டுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. கருவி எண்ணுவது நேரத்தையும் அலைகளையும். பொங்கியதா என்பதை அது அளக்கவில்லை. மாவு பொங்கவில்லை என்று மாவை ஊற்றுகிறவர் சொன்னால், கடிகாரத்தைக் காட்டி மறுப்பது என்ன நியாயம்?

மாவை மிக்ஸியில் விடாமல் ஓட்டினால் சூடேறிவிடும். அப்படிச் சூடேறிய மாவு சரியாகப் புளிக்காது. இந்த நோயில் அளவு மீறிய உழைப்பு அந்தச் சூடுதான். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்ததோ, ஒரு மணி நேரம் கணக்கு வழக்கு பார்த்ததோ போதும். அன்று ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து உடல் சரியும், தூக்கமும் கெடும், அந்தச் சரிவு நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீளும். “நல்லா நடந்து வேர்க்க விட்டால் ராத்திரி அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வரும்” என்ற அறிவுரை மற்றவர்களுக்குச் சரி. இவர்களுக்கு அது மாவை இன்னும் சூடாக்குவது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையை இந்நோய்க்குத் தரக்கூடாது என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டி சொல்லிவிட்டது.

தூக்க மாத்திரை சிலருக்குப் படுக்கை நேரத்தை நீட்டும். புத்துணர்வு கூடவே வரும் என்று நம்பியிருக்க முடியாது. நோயை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை. ஆனால் கூடவே ஒளிந்திருக்கும் வேறு குறைகளைச் சரிசெய்ய முடியும். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்க மூச்சுத்தடை, இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புள்ள கால் குடைச்சல், தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவற்றைப் பார்த்தே தீர வேண்டும். இவற்றில் ஒன்றுக்குச் சிகிச்சை கிடைத்தால்கூட இரவு கொஞ்சம் தேறும். மற்றபடி பகலில் தன் வரம்புக்குள் வேலையைப் பிரித்துச் செய்து, தளர்வதற்கு முன்பே ஓய்வெடுப்பதுதான் இன்றைக்குக் கையில் இருக்கும் நல்ல வழி. பகலில் படுக்கிறாரே என்று கடிந்துகொள்ளாதீர்கள். அந்த ஓய்வு அவருக்குச் சிகிச்சையின் ஒரு பகுதி.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால், மருத்துவரிடம் போகும்போது தூங்கிய மணிக்கணக்கை மட்டும் சொல்லாதீர்கள். எழுந்தபோது உடம்பு எப்படி இருந்தது, அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் என்னென்ன வேலை செய்தார் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள்.