பிள்ளை டைரக்டர் ஆக வேண்டும் என்றால்

பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளிடம் மேற்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால், இப்போது சிலர் "டைரக்டர் ஆகணும்" என்கிறார்கள். வீட்டில் உடனே சண்டைதான். டாக்டருக்கு நீட் தேர்வு, வக்கீலுக்குச் சட்டக் கல்லூரி என்று நமக்குத் தெரியும். டைரக்டருக்கு எது வழி என்று தெரியாததால்தான் பெற்றோருக்குப் பயம் வருகிறது. சினிமாத் தொழில் கூடுமா என்ற மார்க்கக் கேள்வியை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே தொழிலுக்குள் போகும் வழியை மட்டும் சொல்கிறோம்.

முதல் வழி படிப்பு. சென்னை தரமணியில் தமிழக அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பிளஸ் டூ தேறியவர்கள் அங்கே 4 ஆண்டு பட்டப் படிப்பில் சேர விண்ணப்பிக்கலாம். இயக்கமும் திரைக்கதை எழுதுவதும் சேர்ந்து ஒரு பிரிவு. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங் போன்றவற்றுக்குத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் குறைவு, இடங்களும் குறைவு. 1986-இல் வெளிவந்து பேசப்பட்ட 'ஊமை விழிகள்' திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த படம்தான். ஏதேனும் ஒரு பட்டம் முடித்தவர்கள், நுழைவுத் தேர்வு எழுதி, புனேயில் உள்ள மத்திய அரசின் திரைப்படக் கல்லூரிக்கும் முயலலாம்.

இரண்டாவது வழி உதவி இயக்குநர் வேலை. கொத்து வேலையை மேஸ்திரியிடம் இருந்து பழகுவது போலத்தான் இதுவும். பாலு மகேந்திராவிடம் வேலை பழகியவர் பாலா. பாலாவிடம் பழகியவர் மதுரைக்காரரான அமீர். அவர் 2002-இல் 'மௌனம் பேசியதே' படத்தை இயக்கினார். 2007-இல் 'பருத்திவீரன்' வந்தது. பெண் பிள்ளைகளுக்கும் இந்த வழி உண்டு. ஹலிதா ஷமீம் பல இயக்குநர்களிடம் உதவியாளராக இருந்துவிட்டு, 2014-இல் 'பூவரசம் பீப்பீ' படத்தையும் 2019-இல் 'சில்லுக் கருப்பட்டி'யையும் இயக்கினார்.

மூன்றாவது வழி குறும்படம். பொறியியல் படித்த கார்த்திக் சுப்பராஜ், தொலைக்காட்சியில் நடந்த 'நாளைய இயக்குநர்' போட்டியில் குறும்படங்கள் எடுத்துக் காட்டித்தான் கவனம் பெற்றார். 2012-இல் 'பீட்சா' அவருடைய முதல் படமாக வந்தது. கையில் இருக்கும் செல்போனிலேயே 5 நிமிடப் படம் ஒன்றை நம் பிள்ளைகள் எடுத்துப் பார்க்கலாம். கதை எழுதி, ஆட்களைச் சேர்த்து, வெட்டி ஒட்டி முடிக்கும் பொறுமை இருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். சினிமா பார்ப்பதில் ஆசையா, எடுப்பதில் ஆசையா என்பதும் விளங்கும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. உதவி இயக்குநர்களுக்குத் தொடக்கத்தில் சம்பளம் மிகக் குறைவு. படம் நின்றுபோனால் அதுவும் இல்லை. சென்னையில் அறை வாடகையும் சாப்பாடும் வீட்டுப் பணத்தில்தான் ஓடும். ஆகவே எத்தனை ஆண்டு, மாதம் எவ்வளவு என்று முதலிலேயே உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கைக்கு ஒரு பட்டம் வந்த பிறகு அனுப்புவது நல்லது. அதற்காக நகையை அடகு வைக்க வேண்டாம். "வாய்ப்பு வாங்கித் தருகிறேன், பணம் கட்டுங்கள்" என்று யார் சொன்னாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேலைக்குச் சேருகிறவன் சம்பளம் வாங்க வேண்டியவன். பணம் கட்ட வேண்டியவன் அல்ல.

டைரக்டர் நாற்காலி ஒரு படத்துக்கு ஒன்றுதான். ஆனால் எடிட்டர், ஒலிப்பதிவாளர், ஒளிப்பதிவாளர் என்று கைத்தொழில் தெரிந்த பலர் ஒவ்வொரு படத்துக்கும் வேண்டும். 'பருத்திவீரன்' படத்தின் எடிட்டர் ராஜா முகமது அந்தப் படத்துக்காகத் தேசிய விருது பெற்றார். எடிட்டிங் தெரிந்த பிள்ளைக்குத் தொலைக்காட்சியிலும் விளம்பரப் படத்திலும் கல்யாண வீடியோவிலும்கூட வேலை இருக்கிறது.

தரமணி சேர்க்கை அறிவிப்பு வந்ததும், விருப்பமுள்ள பிள்ளைகளைப் பெற்றோரோடு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரச் சொல்கிறோம். மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் கொண்டு வாருங்கள். விண்ணப்பம் நிரப்ப உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ்.