மூளையில் சொல்லும் பண்ணும்

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள திருப்பருத்திக்குன்றம், சினகாஞ்சி எனச் சமணர்கள் போற்றும் ஊர். அங்குள்ள திரைலோக்கியநாதர் கோவிலின் சங்கீத மண்டபத்தை, விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88ஆம் ஆண்டில் கட்டுவித்தார். இசையின் பெயர்தாங்கிய அம்மண்டபத்தில் ஒருவர் ஒரு செய்யுளை முதலில் பேச்சாகச் சொல்லி, பின்னர் அதையே பண்ணோடு பாடுவதாகக் கொள்வோம். சொற்கள் அவையே, குரலும் அதுவே. ஆயினும், கேட்போரின் மூளை இரண்டையும் ஒரே வகையில் ஏற்பதில்லை.

பேச்சின் பொருள் மிகக் குறுகிய கால வேறுபாடுகளில் தங்கியுள்ளது. 'பல்', 'பால்' ஆகிய இரண்டையும் பிரிப்பது பெரிதும் ஒரு மாத்திரையே. கண்ணிமைக்கும் பொழுதை மாத்திரை என வகுத்த நம் இலக்கண நூலார், இந்நுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். இசைக்கோ சுருதியின் ஏற்ற இறக்கமே உயிர்.

2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், கனடாவின் மாண்ட்ரியல் நகர அறிவியலாளர்கள் பத்துத் தொடர்களைப் பத்து மெட்டுகளோடு இணைத்து நூறு பாடல்களை உருவாக்கினர். ஒலியின் கால நுணுக்கத்தைச் சிதைத்தபோது சொற்கள் விளங்கவில்லை, மெட்டு விளங்கியது. சுருதி நுணுக்கத்தைச் சிதைத்தபோது மெட்டு மறைந்தது, சொற்கள் எஞ்சின. சொல்லை அறிவதில் இடப்பக்கச் செவிப்புறணியும், மெட்டை அறிவதில் வலப்பக்கச் செவிப்புறணியும் மேலோங்கி நின்றன. பாவும் ஊடையுமாகப் பிணைந்து ஒரே துணியாக வருவதை மூளை இழை பிரித்து உணர்கிறது எனலாம். ஆயினும், பேச்சு முழுவதும் இடப்பாதிக்கு, இசை முழுவதும் வலப்பாதிக்கு என்று கோடு கிழிப்பது மிகை. இரு பாதிகளும் இரண்டிலும் பங்கேற்கின்றன.

இவ்வேறுபாட்டின் பயன் நோயுற்றோரிடம் தெரிகிறது. இடப்பக்க மூளையின் முன்பகுதி சிதைந்தால் பேச்சு குன்றும் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1861இல் எடுத்துக்காட்டினார். பேச்சிழந்த ஒருவர் திருச்சபைப் பாடல்களைப் பாடியதை, அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1745இல், சுவீடன் நாட்டு ஓலோவ் டாலின் பதிவுசெய்திருந்தார். இதையொட்டி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1973இல் ஒரு சிகிச்சைமுறை அறிமுகமானது. "தண்ணீர் வேண்டும்" என்பது போன்ற சிறு தொடரை இரண்டே சுருதிகளில் இழுத்துப் பாடச் செய்வர். ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்டுவர்.

இதில் குணம் தருவது மெட்டா, தாளமா, மனப்பாடமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பழகிய பாடலைப் பாடுவோர் பலருக்கும், தம் தேவையைத் தாமே புதிய தொடராக்குவது கடினமாகவே இருக்கிறது. ஆதலால், பயிற்சி பாட்டோடு நின்றுவிடுவதில்லை. மெட்டைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, இறுதியில் தட்டலையும் நிறுத்தி, அத்தொடரை இயல்பான பேச்சாகவே சொல்லவைக்கின்றனர்.