மறதிநோயாளரைப் பேணலும் ஆராய்ச்சியும்

மறதிநோயுற்ற முதியோரைப் பேணுவதற்கு அன்பு போதாதா, ஆராய்ச்சிக்குப் பொருள் செலவிடுவானேன் என வினவுவோர் உளர். 1998இல் கொச்சியில் தோன்றிய '10/66' என்னும் பன்னாட்டு ஆய்வுக்குழுவின் பணியை நாம் நோக்குவோமாக. இந்நோயாளரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், அவர்களைப் பற்றிய ஆராய்ச்சி 10 விழுக்காட்டையும் எட்டவில்லை என்பதையே அப்பெயர் உணர்த்துகிறது. அக்குழு சென்னை, வேலூர் உள்ளிட்ட இடங்களில் உள்ளூர்ப் பணியாளரைப் பயிற்றுவித்து, வீடுதோறும் முதியோரையும் அவர்களைப் பேணுவோரையும் கண்டு ஆராய்ந்தது. பள்ளி செல்லாத மூதாட்டியின் எழுத்தறியாமையை நோயெனக் கொள்ளாத சோதனைமுறையை 2003இல் வெளியிட்டது. பேணுவோருக்கென அது வகுத்த குறுகிய பயிற்சி, ரஷ்யாவிலும் பெருவிலும் அவர்தம் சுமையைத் தணித்தது. சுமையை அறிந்தாலன்றித் தணிக்க இயலாது. ஆதலால் ஆய்வாளரைப் பயிற்றுவிக்க ஈயும் பொருளும் அன்பின் பணியே எனத் துணிகிறோம்.