வழக்குக் கட்டும் கணினிப் பேழையும்



ஒரு சிறு வழக்கறிஞர் அலுவலகத்தின் மூலதனம் யாது? மேசையும் நாற்காலியும் சட்டப் புத்தகங்களும் விலை கொடுத்தால் மீண்டும் கிடைப்பவை. கட்சிக்காரர் நம்பி ஒப்படைத்த காகிதங்களோ எவ்விலைக்கும் கிடையா. அவற்றைக் கணினியில் சேர்த்து ஒழுங்குபடுத்தும் முறையை இன்று காண்போம்.

கள்ளக்குறிச்சியையே சான்றாகக் கொள்வோம். இவ்வூர் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்திலும், பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்தது. 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஆகவே ஒரே நிலத்தின் பத்திரங்கள் மூன்று மாவட்டப் பெயர்களைத் தாங்கி வரக்கூடும். அருகிலுள்ள கல்வராயன் மலையிலோ 1976 வரை ஜாகீர் முறை நிலவியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி நிலம் கோரும் பழங்குடியினர், 2005 டிசம்பர் 13க்கு முன்பே அது தம் அனுபவத்தில் இருந்ததென நாட்டவேண்டும். பழைய காகிதம் ஒன்று உரிய வேளையில் அகப்படாவிடின், ஒரு குடும்பத்தின் வயலே கைநழுவக்கூடும்.

ஸ்கேனர் என்னும் கருவி, காகிதத்தின்மீது ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைப் புள்ளி புள்ளியாக அளந்து எண்களாக்குகிறது. அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்று அமைத்தால், ஒரு சதுர அங்குலத்தில் 90,000 புள்ளிகள் பதியும். அச்செழுத்துக்கு இது போதும். மங்கிய மையும் முத்திரையும் உள்ள பழம் பத்திரங்களை இன்னும் நுணுக்கமாக, வண்ணத்திலேயே எடுத்தல் நன்று. பின்பக்கத்தையும் விடலாகாது; பதிவு அலுவலகக் குறிப்புகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

படம் எடுப்பது எளிது, பெயரிடுவதே கலை. கணினி பெயர்களை முதல் எழுத்திலிருந்து ஒப்பிட்டு வரிசைப்படுத்தும். எனவே ஆண்டு, மாதம், நாள் என்ற முறையில் '1987-03-12 கிரயப் பத்திரம்' என்று தொடங்கினால், ஆவணங்கள் தாமே கால வரிசையில் நிற்கும். அடுத்துக் கிராமத்தையும் புல எண்ணையும் எழுதவேண்டும். புல எண் மாறியிருப்பின் பழையதையும் புதியதையும் சேர்த்துக் குறிக்கலாம். மாவட்டப் பெயரை மட்டும் நம்பித் தேடினால், மேற்சொன்ன மூன்று பெயர்களுக்கிடையே தடுமாற நேரும். அச்செழுத்தைக் கணினி படித்துக்கொள்ளும். கர்ணம் கையால் எழுதியதைப் படிப்பதில் அது இன்னும் இடறுகிறது. அங்கே நாம் இட்ட பெயரே வழிகாட்டி.

படம் வந்தபின் அசல் எதற்கு என்று மாணவ நண்பர்கள் வினவலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமம் இதற்கு விடை தருகிறது. 30 ஆண்டுப் பழைமையுடைய ஆவணம் உரியவர் பொறுப்பிலிருந்து வருமாயின், அதிலுள்ள கையொப்பம் உண்மையானதென நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கிறது அதன் 92ஆம் பிரிவு. அத்தகைய காகிதத்தைப் படமெடுத்ததும் எறிந்துவிடுவது, ஏறிய ஏணியை ஒடிப்பதற்கு நிகராகும்.

கணினிப் பதிவைச் சான்றாக வைக்க 63ஆம் பிரிவு சான்றிதழ் கேட்கிறது. அதில் ‘ஹாஷ்’ என்னும் எண் கோவையும் இடம்பெறும். அது கோப்பின் கைரேகை போன்றது. ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் கோவை முழுதும் வேறாகிவிடும். ஆதலால் முதலில் எடுத்த படத்தைத் திருத்தாமல் தனியே வைத்து, வேலைக்குப் பிரதியையே கையாளவேண்டும்.

கணினியும் பழுதாகும். ஆகையால் மூன்று பிரதிகள் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு கட்டடத்தில் இருத்தல் வேண்டும். கட்சிக்காரரின் இரகசியம் காக்க, அவை கடவுச்சொல்லால் பூட்டப்படவேண்டும்.

மலையிலிருந்து இறங்கிவந்த முதியவர், “ஐயா, என் காகிதம் இருக்கிறதா?” என்று கேட்கும்போது, நொடியில் படத்தைக் காட்டவும், அலமாரியிலிருந்து அசலை எடுத்து நீட்டவும் இயலுமாயின், அவ்வலுவலகம் தன் கடமையைச் செய்ததாகும்.