உப்பு நகரில் நான்கு மணி நேரம்

சென்ற ஆவணி விடுமுறையில் மியூனிச் நகரிலிருந்து வியன்னாவுக்குப் புகைவண்டியிற் சென்ற எமக்கு, ஒஸ்திரிய எல்லையிலுள்ள சால்ஸ்பேர்க்கில் இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது. அடுத்த வண்டி நான்கு மணி நேரம் பிந்தும் என்றார்கள். எமது பயணத் திட்டத்தில் இல்லாத ஊர். எனினும் நிலையத்தில் வாளா அமர்ந்திருப்பதிலும் ஊரைப் பார்ப்பது நன்றெனப் புறப்பட்டோம்.

சால்ஸ்பேர்க் என்றால் 'உப்புக் கோட்டை' என்பது பொருள். கடல்நீரிலிருந்து உப்பெடுக்கும் நாட்டினராகிய நமக்கு, மலைக்குள்ளே உப்பு இருப்பது வியப்பைத் தரும். நகருக்குத் தெற்கேயுள்ள ஹாலைனில் மலையைக் குடைந்து, உள்ளே நீரைவிட்டு உப்பைக் கரைத்து, அந்நீரைக் காய்ச்சி உப்பெடுத்தனர். சால்சாக் ஆற்றின் வழியே படகிற் சென்ற அவ்வுப்பே நகரின் செல்வமாயிற்று. அச்செல்வத்துக்கு உரியவர்கள், சமயத் தலைமையையும் அரசுரிமையையும் ஒருங்கே கொண்டிருந்த பேராயர்கள்.

குன்றின் மேலுள்ள கோட்டை 1077ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டது. 1892 முதல் கம்பியிழுவை வண்டி ஒன்று அங்கே ஏறுகிறது. மேலிருந்து நோக்கினால் ஆறும், நெருங்கிய கூரைகளும், 1628இல் திருநிலைப்படுத்தப்பட்ட பேராலயத்தின் பெருங்குவிமாடமும் கண்ணைக் கவரும். இவ்வழகை ஆக்கிய ஆட்சி கடுமையானதாகவும் இருந்தது. புரட்டஸ்தாந்து சமயத்தைத் தழுவிய ஏறத்தாழ 20,000 மக்களை நாட்டைவிட்டு வெளியேற்றும்படி 1731இல் ஆணை பிறப்பித்தவரும் ஒரு பேராயரே.

கோட்டையினின்று இறங்கி, பழைய நகரின் ஒடுங்கிய கடைத்தெரு ஒன்றில் நடந்தோம். அங்கே 9ஆம் இலக்க வீட்டின் மூன்றாம் மாடியிலேதான், 1756ஆம் ஆண்டு தை மாதம் 27ஆம் நாள் இசைமேதை மொசார்ட் பிறந்தார். அவ்வீடு இன்று அரும்பொருளகம். சிறுவயதில் அவர் வாசித்த சின்னஞ்சிறு வயலின் அங்கே இருக்கிறது. அதன் முன் நாம் நெடுநேரம் நின்றோம்.

ஐரோப்பிய அரசவைகள் பலவற்றிலே பிள்ளைப் பருவத்திலேயே புகழெய்திய அம்மேதை, பிறந்த ஊரிலே பேராயர் கொலொரெடோவின் ஊழியராகவே கருதப்பட்டார். பேராயருடன் வியன்னாவில் தங்கியிருந்தபோது, உணவு மேசையில் பணியாட்களுக்குக் கீழே, சமையற்காரருக்கு மேலே தமக்கு இடமளிக்கப்பட்டதைத் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் மனம் நொந்து குறிப்பிட்டார். 1781இல் அவ்வேலையை உதறினார். வயது அப்போது 25. வியன்னாவிலேயே தங்கி, 1791இல் 35ஆம் வயதில் மறைந்தார்.

சால்ஸ்பேர்க்கில் அவருக்குச் சிலை எழுந்தது 1842இல். அவருடைய புதல்வர் இருவரும் திறப்பு விழாவைக் கண்டனர். அவ்வூரிலேயே வாழ்ந்த மனைவியோ, சில மாதங்களுக்கு முன்னரே காலமாகிவிட்டார். இன்று மொசார்ட்டின் பெயரில் இசைக்கல்லூரி உண்டு; அவர் படம் பொறித்த இனிப்புருண்டைகள் கடைதோறும் விற்பனையாகின்றன.

அவ்வூரைக் குறைகூறுதல் எளிது. ஆனால் நம் வீடுகளிலும் வகுப்புகளிலும், அடங்கியிருத்தல் ஒன்றையே பிள்ளையின் சிறப்பென்று எத்தனை முறை சொல்லியிருப்போம்! திறமையைக் கண்டு மகிழ்ந்து இடங்கொடுப்பதற்கு உப்பு மலையின் செல்வம் வேண்டியதில்லை. அப்பிள்ளை நம்மிடையே இருக்கும்போதே கூறும் ஒரு நற்சொல் போதும்.