ஓய்வும் ஓர் அளவுக்குத்தான்

2006ஆம் ஆண்டு மூதூர்ச் சண்டையில் செல் துண்டு பட்டு என் வலது தொடையெலும்பு முறிந்தது. திருகோணமலை ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். பிறகு துறைமுகப் பக்கம் தங்கச்சி வீட்டில் மூன்று மாதம் படுக்கை. அம்மா காலை நிலத்தில் வைக்க விடவில்லை. “பிள்ளை, ஊண்டாதே, திரும்ப முறிஞ்சிடும்” என்பார். அது அன்புதான். ஆனால் என் தொடை கை மொத்தத்துக்கு மெலிந்துவிட்டது. மலசலகூடம் போகவும் இருவர் பிடிக்க வேண்டியிருந்தது.

கிளினிக்கில் படத்தைப் பார்த்த பிசியோதெரபி மிஸ் சொன்னார்: “அக்கா, எலும்பு பொருந்திட்டுது. இனிப் படுத்துக் கிடந்தால்தான் பழுது.”

வேலை இல்லாத தசையை உடம்பு கரைத்துவிடும். கொஞ்சம் பாரம் கொடுத்தால் திரும்பக் கட்டும். அதே பாரம் பழகிவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும். ஆகவே சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டவர்களுக்கு இந்த முறையைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க இராணுவ வைத்தியர் தோமஸ் டிலோர்ம், 1945இல் அதைப் பற்றி எழுதினார்.

வயது போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 1990இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தொண்ணூறு வயதை ஒட்டிய முதியோர் இல்லத்தவர் பத்துப் பேர் காலுக்குப் பாரப் பயிற்சி தொடங்கினார்கள். எட்டுக் கிழமை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் கூடியது. மார்புப் புற்றுநோய்க்குப் பின் கை வீங்கிய பெண்களைப் பாரம் தூக்காதே என்பார்கள். 2009இல் வெளிவந்த ஆய்வில், கண்காணிப்புடன் மெதுவாகத் தூக்கிய பெண்களுக்கு வீக்கம் கூடவில்லை.

எனக்குக் கிடைத்த கருவி மணல் போட்ட துணிப்பை. கதிரையில் இருந்து, பையைக் கணுக்காலில் கட்டி, காலை மெல்ல நீட்டி மடக்குவேன். ஒரு தடவைக்குப் பத்து, அப்படி மூன்று தடவை. கிழமைக்கு மூன்று நாள். முதலில் வெறுங்கால், பிறகு அரைக் கிலோ, பிறகு ஒரு கிலோ. அடுத்தது கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது. கைக்கு ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் போதும். அது ஒரு கிலோ. கால் இழந்த சகோதரிகளுக்கும் இது தேவை. செயற்கைக் காலை நடத்துவது இடுப்பும் மற்றக் காலும்தான்.

சில கவனங்கள்: வைத்தியரிடமோ பிசியோவிடமோ கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆறாத புண், உடம்பில் செல் துண்டு, இருதய நோய், பிரஷர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. தசை உளைவது வழமை. குத்துகிற வலி வந்தால் நிறுத்துங்கள். பருப்பு, பயறு, முட்டை, சூடை மீன், இயன்றதைச் சாப்பிடுங்கள். தசை அதிலிருந்துதான் வளரும்.

2007இல் லோஞ்சில் மூதூருக்குத் திரும்பினேன். லோஞ்சிலிருந்து துறைப் படிக்கு எட்டிக் கால் வைக்க வேண்டும். அம்மா கையைப் பிடிக்க வந்தார். “விடுங்கோம்மா” என்று சொல்லி வலது காலைத்தான் முதலில் வைத்தேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் படுத்திருப்பவரை அன்போடு பாருங்கள். எழும்பலாம் என்று வைத்தியர் சொன்ன நாளில், எழும்பவும் விடுங்கள்.