பறவைகளுக்கு ஒரு பத்திரம்

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்திலிருந்து கிளம்பி, உத்திரமேரூரைத் தாண்டி மதுராந்தகம் பக்கமாகப் போனால் வேடந்தாங்கல் வருகிறது. சுமார் 75 ஏக்கர் பரப்புள்ள சின்ன ஏரிதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நிரம்பியதும், தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வருகிறவர்களைப் போலப் பறவைகள் வந்து சேருகின்றன. நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், கரண்டிவாயன், வக்கா, கூழைக்கடா என்று எத்தனை தினுசு! தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டுவதால், தரையில் திரியும் பிராணிகள் குஞ்சுகளை நெருங்க முடியாது.

வேடந்தாங்கல் என்றால் வேடர்கள் தங்குமிடம் என்று பொருள் சொல்வார்கள். அந்த ஊரில் வேட்டைக்குத் தடை வந்ததுதான் வேடிக்கை!

கும்பெனி ஆட்சியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்த ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் பொறுக்கவில்லை, கலெக்டரிடம் முறையிட்டார்கள். வெறும் இரக்கம் மட்டுமல்ல காரணம். பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. காசு கொடுக்காமல் கிடைக்கும் எருவை எந்தக் குடியானவன் இழப்பான்? 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் துரை, பறவைகளைச் சுடக் கூடாது என்று 'கவுல்' எழுதிக் கொடுத்தார். 1858இல் கலெக்டர் உத்தரவு அதை மீண்டும் உறுதி செய்தது. 1936இல் சரணாலயம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோ மீட்டர் வரையுள்ள பகுதியும் பாதுகாப்புக்குள் வந்தது. 2022இல் 'ராம்சார்' என்னும் சர்வதேசப் பட்டியலிலும் வேடந்தாங்கல் இடம் பெற்றது.

ஏரிக்குக் காவல் சரி, வெளியே 5 கிலோ மீட்டர் எதற்கு? இல்லத்தரசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏரி, பறவைகளுக்குப் படுக்கையறை. சமையலறையோ சுற்றியுள்ள வயல்களும் குட்டைகளும். நத்தையும் மீனும் தேடி அங்கேதான் பறந்து போகின்றன. சமையலறை கெட்டால் குஞ்சுகளுக்கு எதை ஊட்டுவது? 2020இல் அந்த எல்லையை 3 கிலோ மீட்டராகக் குறைக்க யோசனை எழுந்தபோது பலத்த எதிர்ப்புக் கிளம்பியது இதனால்தான். பிறகு அந்த யோசனை கைவிடப்பட்டது.

தை மாதத்தில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வேடந்தாங்கல் போகிறவர்கள் ஏரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். வழியிலுள்ள வயல்களின் அருகே சற்று நின்று பாருங்கள். அன்று கலெக்டரிடம் நியாயம் கேட்கப் போனவர்கள், அந்த வயல்களை உழுதவர்கள்தாம்.